சிவிலைசேஷன் 7: முதல் ஆட்டம் ஆடப் போகிறவர்களுக்கு

ஃபிராக்சிஸ் உருவாக்கிய ‘சிவிலைசேஷன் 7’ 2025 பிப்ரவரி 11 அன்று வெளிவந்தது. டர்ன் முறையில் ஆடும் வியூக விளையாட்டு. நீங்கள் ‘நெக்ஸ்ட் டர்ன்’ அழுத்தும்வரை எதிரி காத்துக்கொண்டுதான் இருப்பான். வடசென்னையில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு இதைவிடத் தோதான வகை கிடையாது. தனியாக ஆடினால் பிங், அதாவது நெட் தாமதம், பற்றிக் கவலையில்லை. அம்மா கூப்பிட்டாள், வாட்டர் லாரி வந்துவிட்டது என்றால் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகலாம்.

நல்ல கேமா என்று கேட்டால், முதல் யுகம் இந்த வரிசையிலேயே மிகச் சிறந்த தொடக்கங்களில் ஒன்று. கடைசி யுகம் அவசரத்தில் முடித்த வேலை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஆட்டத்தை ஆன்டிக்விட்டி, எக்ஸ்ப்ளோரேஷன், மாடர்ன் என்று மூன்று யுகமாக வெட்டி, ஒவ்வொரு யுக முடிவிலும் பலகையை ஓரளவு கலைத்துவிடுகிறார்கள். கேரம் போர்டில் புது ஆட்டத்துக்குக் காய் அடுக்குவது மாதிரி: காய்கள் நடுவுக்குப் போய்விடும், ஸ்ட்ரைக்கர் மட்டும் உங்கள் கையில் இருக்கும். எது கையில் மிஞ்சும், எது போகும் என்று தெரிந்து ஆடினால் இந்த கேம் பிடிக்கும். தெரியாமல் ஆடினால் பத்து மணி நேர உழைப்பை யாரோ பிடுங்கிக்கொண்ட எரிச்சல்தான் மிஞ்சும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

வாங்கும் முன்

கம்ப்யூட்டரில் குறைந்தபட்சம் 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 அளவில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, 20 ஜிபி இடம் வேண்டும். சிரமமில்லாமல் ஆட 16 ஜிபி ராமும் ஆர்டிஎக்ஸ் 2060 அளவு கார்டும். 8 ஜிபி லேப்டாப்பில் கேம் திறக்கும், முதல் யுகம் ஓடும். மூன்றாம் யுகத்தில் வரைபடம் நிறைந்தபிறகு ஒவ்வொரு டர்னுக்கும் உட்கார்ந்து காத்திருக்க வேண்டிவரும். ராம் கூட்டுவதுதான் மலிவான தீர்வு. ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பும் முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போய் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ வரியைப் பாருங்கள். இரண்டில் ஒன்று என்று இருந்தால் இன்னொன்று போடலாம். டிடிஆர் 4-ஆ 5-ஆ என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. சில மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். அதில் ஒன்றும் செய்ய முடியாது.

டவுன்லோடு பெரிது. தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பினால் பத்து நாளைக்கு மேல் ஆகும். நண்பரிடம் ஏற்கெனவே இந்த கேம் இருந்தால், நீங்களும் வாங்கிவிட்டு, இரண்டு லேப்டாப்பையும் ஒரே வைஃபையில் சேர்த்து, கேம் விற்கும் தளமான ஸ்டீமின் லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபர் வழியாக இழுத்துக்கொள்ளலாம். இணைய டேட்டா அதிகம் செலவாகாது.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. புதியவர் நிதானமாக ஆடினால் 2 மணி நேரத்தில் முதல் யுகமே முடியாது. அதாவது பலரும் திட்டுகிற அந்த யுக மாற்றத்தைப் பார்க்கும் முன்பே ரீஃபண்ட் காலம் முடிந்துவிடும். ஆகவே வாங்கும் முன் யாராவது ஆடிய முழு யுக மாற்றத்தை வீடியோவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது பிடிக்காவிட்டால் இந்த கேம் பிடிக்காது. தமிழில் இந்த கேம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரையில் வரும் ஆங்கிலச் சொற்களையே இங்கும் பயன்படுத்தியிருக்கிறோம், தேட வசதியாக.

ஆப்ஷன்ஸில் முதல் வேலை, ஆட்டோசேவை ஒவ்வொரு டர்னுக்கும் வைப்பது. கோடையில் வோல்டேஜ் இறங்கி ஏறும் வீடுகளில் டெஸ்க்டாப்புக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். இரண்டாவது வேலை, எழுத்து அளவு. 15 இன்ச் திரையில் இயல்பான அளவு கண்ணைப் பிடுங்கும், யூஐ ஸ்கேலை ஒரு படி ஏற்றுங்கள். எண்ணூர் சாலையோர வீடுகளில் கன்டெய்னர் லாரிப் புழுதி லேப்டாப் ஃபேனில் அடையாகப் படியும். மூன்றாம் யுகத்தில் திடீரென்று வேகம் குறைந்தால் செட்டிங்கைக் குடையும் முன் ஃபேனைப் பாருங்கள்.

ஆட்டத்தை அமைத்தல்

கடினத்தில் ஆறு படிகள். முதல் ஆட்டத்துக்கு எல்லாவற்றிலும் எளிய படியான ‘ஸ்க்ரைப்’ போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. வேகம் ‘ஸ்டாண்டர்டு’. வரைபடம் ‘கான்டினென்ட்ஸ் பிளஸ்’: இரண்டு பெரிய நிலப்பகுதிகளுக்கு நடுவே தீவுகள் இருப்பதால் இரண்டாம் யுகத்தில் கடல் தாண்டுவது எளிது.

இந்த கேமில் தலைவர் வேறு, நாகரிகம் வேறு. தலைவர் கடைசிவரை மாறமாட்டார். நாகரிகம் ஒவ்வொரு யுகத்துக்கும் மாறும். தமிழ் ஆட்டக்காரருக்கு நாங்கள் சொல்லும் வழி அசோகர், முதல் யுகத்தில் மௌரியர், இரண்டாம் யுகத்தில் சோழர். மௌரியராக ஆடினால் சோழர் திறந்துகொள்ளும். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டும் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டும் சோழரைத் தன் எல்லைக்கு வெளியே இருந்தவர்களாகச் சொல்கின்றன. இங்கே அதே மௌரியர் ஒரு டர்னில் சோழராகிவிடுகிறார்கள். வரலாறு படித்தவர் தலையில் அடித்துக்கொள்ளலாம், ஆட்டத்துக்கு அது நல்ல பாதை. அசோகர் இரண்டு வடிவில் இருப்பார். ‘வேர்ல்டு ரினவுன்சர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மிச்சமாகும் ஹாப்பினஸ் உணவாக மாறும், அதனால் நகரங்கள் தானாக வளரும்.

முதல் யுகம்: நிதானமாக

முதல் டர்னில் தலைநகரை நின்ற இடத்திலேயே நிறுவுங்கள். நல்ல இடத்தில்தான் விட்டிருப்பார்கள். தேடி இரண்டு மூன்று டர்ன் அலைவது நஷ்டம். பிறகு வேவு பார்க்க இரண்டு ஸ்கவுட், காவலுக்கு ஒரு வாரியர், அதன்பின் புது ஊர் நிறுவும் செட்லர். ஸ்கவுட் ஆளுக்கொரு திசையில் போய் ‘டிஸ்கவரி’ எனப்படும் புதையல் இடங்களைப் பொறுக்க வேண்டும். தொடக்கத்தில் அதில் கிடைக்கும் தங்கமும் கல்ச்சரும் பெரிய தொகை.

பழைய சிவிலைசேஷன்களில் இருந்த தொழிலாளி இதில் கிடையாது. மக்கள்தொகை ஒன்று கூடும்போது எந்தக் கட்டத்தை எடுப்பது என்று கேட்கும், நீங்கள் சொல்லும் இடத்தில் பண்ணையோ சுரங்கமோ தானாக வரும். புதியவர்கள் இங்கே அதிக எண் தெரியும் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடுகிறார்கள். முதலில் வளம் உள்ள கட்டங்களையும், அவற்றை நோக்கி எல்லையை நீட்டும் கட்டங்களையும் எடுங்கள்.

கட்டடம் வைப்பதுதான் இந்த கேமின் உயிர். ஒரு கட்டத்தில் இரண்டு கட்டடம். சயின்ஸ், புரொடக்‌ஷன் தருபவை வளங்களுக்குப் பக்கத்தில். தங்கமும் உணவும் தருபவை கடலோரம் அல்லது கப்பல் போகும் ஆற்றோரம். கல்ச்சர், ஹாப்பினஸ் தருபவை மலையோரம். உலக அதிசயம் பக்கத்தில் இருந்தால் எல்லாவற்றுக்கும் நல்லது. இவ்வளவு நினைவிருந்தாலே பாதிப் பேரைவிட நன்றாக ஆடுவீர்கள்.

இதிலேயே பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. யுகம் மாறும்போது சாதாரணக் கட்டடங்கள் பக்கத்து போனஸை இழந்து கிழடாகிவிடும். அவற்றின் மேலேயே புது யுகக் கட்டடத்தைக் கட்ட வேண்டும். ஆனால் கிரானரி, பிரிக்யார்டு, சா பிட் போன்ற கிடங்குவகைக் கட்டடங்கள் ‘ஏஜ்லெஸ்’, கடைசிவரை அப்படியே நிற்கும். மலைக்குப் பக்கத்தில் இருக்கும் அருமையான கட்டத்தில் கிரானரியை வைத்துவிட்டால் அந்த இடம் மூன்று யுகத்துக்கும் போச்சு. கிடங்குகள் இரண்டை ஒன்றாகச் சேர்த்து, எந்த போனஸும் இல்லாத மொக்கைக் கட்டத்தில் தள்ளுங்கள்.

இரண்டாவதாக நிறுவும் எந்த இடமும் முதலில் ‘டவுன்’தான். டவுனில் எதையும் உற்பத்தி செய்ய முடியாது, அதன் புரொடக்‌ஷன் முழுக்கத் தங்கமாக மாறும், வேண்டியதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். தங்கம் செலவழித்து டவுனை ‘சிட்டி’யாக்கலாம், மக்கள்தொகை கூடக் கூட அந்தச் செலவு குறையும். எல்லாவற்றையும் சிட்டியாக்கும் ஆசை வரும். வேண்டாம். மக்கள்தொகை 7 ஆனதும் டவுனுக்கு ஒரு தொழில் ஒதுக்கலாம். மீன்பிடி, விவசாய டவுன் என்று ஒதுக்கினால் அது தான் வளர்வதை நிறுத்திவிட்டு, இணைப்பில் உள்ள சிட்டிகளுக்கு உணவை அனுப்பும். முதல் யுகத்தில் தலைநகரும் இன்னொன்றும் சிட்டி, மற்றவை டவுன் என்று வைத்தால் கணக்கு சரியாக வரும்.

திரையின் மேலே ‘செட்டில்மென்ட் லிமிட்’ என்று ஒரு எண் இருக்கும். அதைத் தாண்டினால் கூடுதலாக உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் எல்லா ஊரிலும் 5 ஹாப்பினஸ் குறையும். ஒன்று கூடினால் சமாளிக்கலாம். மூன்று கூடினால் ஊர் ஊராகக் கலகம். போரில் ஜெயித்து வந்த ஊர்களும் இந்தக் கணக்கில் சேரும், அதனால்தான் ‘ஜெயிச்சுக்கிட்டே இருக்கேன், நாடு ஏன் நாசமாப் போகுது’ என்று புதியவர்கள் குழம்புகிறார்கள்.

இன்ஃப்ளூயன்ஸ் என்ற இன்னொரு நாணயம் உண்டு. அக்கம்பக்கத்தில் இருக்கும் இன்டிபென்டென்ட் பவர் எனும் சிறு குழுக்களை நட்பாக்க முதலில் இதைச் செலவழியுங்கள். விட்டுவிட்டால் அதே குழு உங்கள் ஊரைக் கொள்ளையடிக்க வரும். கொஞ்சம் கையிருப்பும் வேண்டும், யாராவது போர் தொடுத்தால் மக்கள் ஆதரவை உங்கள் பக்கம் திருப்ப இதுதான் உதவும்.

லெகஸி பாத்: இரண்டை மட்டும் பிடியுங்கள்

ஒவ்வொரு யுகத்திலும் ‘லெகஸி பாத்’ எனப்படும் நான்கு இலக்குப் பாதைகள். முதல் யுகத்தில் பொருளாதாரப் பாதைக்கு 20 வளங்கள் ஊர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவியலுக்கு 10 கோடெக்ஸ் (பழங்கால ஏடுகள்), கலாசாரத்துக்கு 7 அதிசயங்கள், ராணுவத்துக்கு 12 புள்ளிகள். கடைசியில் சொன்னதில் சாதாரண ஊர் ஒரு புள்ளி, போரில் பிடித்தது இரண்டு.

முதல் ஆட்டத்தில் பொருளாதாரமும் அறிவியலும் எடுங்கள். 20 வளம் என்றால் உங்கள் எல்லையில் இருப்பது மட்டும் போதாது. மெர்ச்சன்ட் செய்து அயல்நாட்டு ஊருக்கு அனுப்பி வியாபாரப் பாதை போட வேண்டும். வந்த வளம் கையில் சும்மா இருந்தால் கணக்கில் சேராது, ரிசோர்ஸ் திரையில் ஊருக்கு ஒதுக்க வேண்டும். ஒட்டகம் கிடைத்தால் விடாதீர்கள், அது ஒதுக்குமிடத்தையே கூட்டித் தரும். கோடெக்ஸ் வேறு ரகம். தொழில்நுட்பம் ஒன்றைக் கற்றபின் அதன் ‘மாஸ்டரி’யையும் முடித்தால்தான் கிடைக்கும், அதை வைக்க லைப்ரரி, அகாடமி வேண்டும். மாஸ்டரியைத் தாவிக்கொண்டே போகிறவர் யுகம் முடியும்போது நான்கு கோடெக்ஸோடு நிற்பார்.

பாதையில் ஒவ்வொரு மைல்கல்லைத் தாண்டும்போதும் யுகக் கடிகாரம் வேகமாக நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் தாண்டினாலும் சரி, எதிரி தாண்டினாலும் சரி.

யுகம் முடிவதற்குள் செய்ய வேண்டியவை

யுகத்தின் கடைசிப் பகுதியில் ‘கிரைசிஸ்’ வரும். கொள்ளைநோயோ கலகமோ படையெடுப்போ வந்து, கெடுதல் தரும் கொள்கைகளை நீங்களே தேர்ந்து செருகும்படி கட்டாயப்படுத்தும். உங்கள் பலம் எங்கே அதிகமோ அங்கே அடிபடும் கொள்கையை எடுங்கள். ஹாப்பினஸ் நிறைய இருக்கும் அசோகருக்கு ஹாப்பினஸைக் குறைப்பது பெரிய வலியில்லை.

இதற்குள் படையை ஒழுங்குபடுத்த வேண்டும். ஆர்மி கமாண்டர் ஒருவருக்குள் தொடக்கத்தில் 4 படைப்பிரிவு அடங்கும். கமாண்டரும் அவர் பெற்ற பதவி உயர்வுகளும் அடுத்த யுகத்துக்கு வரும். கமாண்டருக்குள் இடமில்லாமல் வெளியே நிற்கும் படைகளில் பல காணாமல் போகும். பத்துப் படை வைத்துக்கொண்டு ஒரே கமாண்டரோடு யுகத்தை முடிப்பது வீண். இரண்டாவது கமாண்டரை முன்கூட்டியே எழுப்புங்கள்.

பாதியில் நிற்கும் அதிசயம் கைவிட்டுப் போகும், முடியாது என்று தெரிந்தால் தொடங்காதீர்கள். நடக்கும் போர்கள் நின்றுவிடும், ஊரைப் பிடிப்பதானால் அதற்குள் பிடிக்க வேண்டும். வியாபாரப் பாதைகள் அறுந்துபோகும். தலைநகர் தவிர்த்த சிட்டிகள் மறுபடி டவுன்களாகும். இந்தக் கடைசி அடிதான் பலரை நோகடிக்கிறது. பொருளாதாரப் பாதையை முழுசாக முடித்திருந்தால், அதன் ‘கோல்டன் ஏஜ்’ தேர்வை எடுத்து சிட்டிகளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். 20 வளத்தைத் துரத்தச் சொன்னது இதற்காகத்தான்.

கூட வருபவை: அதிசயங்கள், ஏஜ்லெஸ் கட்டடங்கள், உங்கள் நாகரிகத்துக்கே உரிய கட்டடங்கள், கமாண்டர்கள், தலைவரின் பண்புப் புள்ளிகள். கடைசி பத்து டர்னில் உழைப்பை இவற்றில் மட்டும் போடுங்கள்.

சோழராகக் கடலில்

இரண்டாம் யுகத்தில் சோழர் கைக்கு வந்ததும் கப்பல்தான் எல்லாம். ‘கலம்’ என்ற பெயரில் தனிப் போர்க்கப்பல் உண்டு. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற இரண்டு கட்டடங்களை ஒரே கட்டத்தில் வைத்தால் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் பெயரில் சிறப்புப் பகுதி உருவாகும். இரண்டையும் வெவ்வேறு கட்டத்தில் வைத்துவிட்டால் அந்தச் சிறப்பு வராது, திருத்தவும் முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலும் அதிசயமாகக் கட்டக் கிடைக்கும். 1025-இல் ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயம்மீது கப்பற்படை அனுப்பியதைப் பாடத்தில் படித்தவருக்கு இந்த யுகம் செம திருப்தி.

பொருளாதாரப் பாதை இங்கே ‘டிரெஷர் ஃப்ளீட்’ எனும் புதையல் கப்பல்கள், இலக்கு 30 புள்ளி. வரிசையாக இப்படிச் செய்யுங்கள். முதலில் கார்ட்டோகிராஃபி என்ற தொழில்நுட்பத்தைக் கற்க வேண்டும். ஆழ்கடலில் போகலாம், ஆனால் கப்பல் ஒவ்வொரு டர்னும் அடிபடும், நடுக்கடலில் சும்மா நிறுத்தினால் மூழ்கும். அதனால் தீவுகளைத் தொட்டுத் தொட்டுப் போகவும். அடுத்து ஷிப்பில்டிங். இது வந்தபின் சேதம் கிடையாது. பின் செட்லரை அனுப்பி, மசாலாப் பொருள், சர்க்கரை மாதிரிப் புதையல் வளம் உள்ள கரையில் ஊர் நிறுவுங்கள். உள்நாட்டில் நிறுவினால் கப்பல் ஏது? அந்த ஊரில் ஃபிஷிங் கீ என்ற படகுத்துறையை வாங்கி, வளம் உள்ள கட்டத்தை எடுங்கள். சில டர்ன் கழித்துக் கப்பல் தானாகத் தோன்றும். அதைத் தாய்நிலக் கரையோர ஊருக்கு ஓட்டிவந்து சரக்கை இறக்கும் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். கப்பல் கரையில் வந்து நிற்கிறது, புள்ளி ஏறவில்லை என்று தேடுகிறவர்கள் மறப்பது இந்தப் பொத்தானைத்தான்.

கலாசாரப் பாதையில் 12 ரெலிக் (புனிதச் சின்னங்கள்) சேர்க்க வேண்டும், அதற்கு மதம் நிறுவி மிஷனரி அனுப்ப வேண்டும். இது கேமின் மோசமான பகுதி. நீங்கள் ஒரு ஊரை மாற்றுவீர்கள், அடுத்த டர்னில் எதிரி மிஷனரி திருப்பி மாற்றுவான். தடுக்க வழி கிடையாது. முதல் ஆட்டத்தில் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

சண்டை பற்றி ஒரு விஷயம். கமாண்டரிடமிருந்து இறக்கிய படை அதே டர்னில் தாக்காது. ‘அசால்ட்’ கிளையில் முதலில் உள்ள ‘இனிஷியேட்டிவ்’ எடுத்தால் தாக்கும், அதனால் முதல் பதவி உயர்வு அதுவே. சிட்டியைப் பிடிக்க நடுவை மட்டும் எடுத்தால் போதாது, மதில் கட்டிய ஒவ்வொரு பகுதியையும் எடுக்க வேண்டும். கப்பல் போகும் ஆறுகள் உள்நாடுவரை நீளும், ஆற்றோரத் தலைநகரைக் கலத்தால் அடிக்கலாம்.

மூன்றாம் யுகமும் மற்ற குறைகளும்

மாடர்ன் யுகம் சட்டென்று முடிந்துவிடும். கலாசார வெற்றிக்கு 15 ஆர்ட்டிஃபாக்ட் எனும் தொல்பொருள்களைத் தோண்டி வேர்ல்டு ஃபேர் எனும் அதிசயத்தைக் கட்ட வேண்டும், பொருளாதார வெற்றிக்கு 500 ரயில் புள்ளி, அறிவியலுக்கு விண்வெளிப் பயணம். எல்லாருமே ஒரே தோண்டுமிடங்களுக்கு ஓடுவதால், தோண்டும் ஆளான எக்ஸ்ப்ளோரரை முதல் சில டர்னிலேயே அனுப்புகிறவர் ஜெயிப்பார். இதில் வியூகம் குறைவு, ஓட்டப்பந்தயம்தான் அதிகம்.

பெரிய குறை தகவல் காட்டும் விதம். ஓர் ஊரில் ஹாப்பினஸ் ஏன் குறைந்தது என்று திரை நேராகச் சொல்லாது, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேட வேண்டும். எண் குறைந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: லிமிட் தாண்டியதா, போர்ச் சலிப்பா, கட்டடப் பராமரிப்பா, கிரைசிஸ் கொள்கையா. பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று. கம்ப்யூட்டர் எதிரிகள் உங்கள் இரண்டு ஊருக்கு நடுவே துண்டு நிலம் கிடைத்தால் அங்கே வந்து குந்திக்கொள்வார்கள். ஊர்களுக்கிடையே இடைவெளி விடாமல் நிறுவினால் அந்தத் தொல்லை குறையும். வெற்றிக்குப் பிறகும் தொடர்ந்து ஆடும் வசதியோ, ஸ்கவுட்டைத் தானாகச் சுற்றவிடும் வசதியோ வெளிவந்தபோது இல்லை. அப்டேட்களில்தான் சேர்த்தார்கள். அதனால் அப்டேட் போடாத பழைய பிரதியில் ஆடாதீர்கள், நெட் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை புதுப்பித்துவிட்டு வாருங்கள்.

கூடுதல் தலைவர்களும் நாகரிகங்களும் அடங்கிய பேக்குகளைக் கடையில் காட்டிக்கொண்டே இருப்பார்கள். அடிப்படைக் கேமில் இருப்பதே ஒரு வருஷத்துக்குத் தாங்கும். சோழரும் அதில்தான் இருக்கிறார்கள், தனியாகக் காசு தர வேண்டியதில்லை. முதல் ஆட்டத்தை முழுசாக முடித்தால் அடுத்ததை ‘கவர்னர்’ கடினத்தில், அகஸ்டஸும் ரோமும் எடுத்து ஆடுங்கள். டவுன்கள் கூடக் கூட அகஸ்டஸின் தலைநகர் வலுக்கும். டவுன், சிட்டி கணக்கு இன்னும் பிடிபடாதவருக்கு அது நல்ல பயிற்சி.